பெட்டிக்குள் பெரிய சிஸ்டர்

பெரிய சிஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாளில் ஒரு மாயாஜாலக் காட்சி வைக்கலாம் என்று முதலில் சொன்னது அவருடைய மகள்தான். அவள் ஒரு பள்ளியில் சின்ன வகுப்பு ஆசிரியை. அங்கே ஆண்டு விழாவுக்கு வந்திருந்த மாயாஜாலக்காரர் குழந்தைகளோடு சேர்த்துத் தலைமை ஆசிரியரையும் வாயைப் பிளக்க வைத்துவிட்டுப் போயிருந்தார். அம்மாவுக்கும் அந்த மாதிரி நிகழ்ச்சி என்றால் உயிர். தொலைக்காட்சியில் யாராவது சீட்டுக்கட்டை விசிறினால் போதும், தட்டில் சோறு காய்ந்துகொண்டிருக்கும், கை அப்படியே நின்றுவிடும். அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக வாழ்நாளெல்லாம் கண்ணால் கண்டதை மட்டுமே நம்பி வேலை பார்த்தவர் அவர். அந்தக் கண்ணையே ஒருவன் ஏமாற்றுவதைப் பார்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மகளுக்கு அண்ணன் ஒருவன். ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் அதிகாரி. திருகாணியிலிருந்து தண்ணீர் டேங்க் வரை எல்லாவற்றையும் பேரம் பேசி வாங்கிப் போடுவது அவன் வேலை. சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை என்பது அவன் பெருமை. சொந்தக்காரர்கள் அவனுக்குக் 'கறார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவனும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கு வந்த மாயாஜாலக்காரர் கேட்ட தொகையைத் தங்கை சொன்னதும் கறார் சிரித்துவிட்டான்.

"தொப்பியிலேர்ந்து முயல எடுக்கறதுக்கு இவ்வளவா? இந்தக் காசுக்கு முயல் பண்ணையே வெச்சிடலாம்."

அந்த மனிதர் முதல் நாளே வந்து கூடத்தைப் பார்க்க வேண்டும் என்றாராம். கதவுகள் எந்தப் பக்கம், விளக்கு எங்கே, மேடை எவ்வளவு உயரம் என்றெல்லாம் விசாரித்தாராம். உதவிக்கு இரண்டு பேரைக் கூட்டி வருவேன் என்றாராம். விலையை ஏற்றுவதற்கு இதெல்லாம் ஒரு சாக்கு என்று கறார் தீர்மானித்துவிட்டான். பேருந்து நிறுத்தத்துக் கம்பத்தில் ஒட்டியிருந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து வேறொருவரைப் பிடித்தான். அவர் பெயர் மாயமன்னர். கேட்டதே குறைவு. அதிலும் குறைத்தான். ஒப்புக்கொண்ட பிறகு மறுநாள் கூப்பிட்டு இன்னொரு முறையும் குறைத்தான். பிறகு மாயமன்னர், அப்படியென்றால் உதவிக்கு ஆள் கூட்டி வர முடியாது சார், தனியாகத்தான் வருவேன் என்றார். மாயாஜாலம் தெரிந்தவருக்கு ஆள் எதற்கு என்று கேட்டுவிட்டு, கறார் திருப்தியாகத் தொலைபேசியை வைத்தான்.

மாயமன்னரின் உண்மையான தொழில் குஷன் வேலை. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் சின்னதாக ஒரு கடை. பழைய சோபா, நாற்காலி, ஆட்டோ இருக்கை எது வந்தாலும் பிரித்துப் புதுசாக்கிக் கொடுப்பார். தொழிலை விட்டுவிட்டுப் போன ஒரு மாயாஜாலக்காரரிடம் சாமான்களை மொத்தமாக வாங்கியிருந்தார். சில வித்தைகளையும் அவரிடமே கற்றுக்கொண்டு, பிறந்தநாள் விழாக்களுக்குப் போகத் தொடங்கியிருந்தார். சாமான்களில் முக்கியமானது ஓர் ஆள் உயரப் பெட்டி. உள்ளே ஒருவரை நிற்க வைத்து முன்கதவைப் பூட்டினால், அவர் பின்பலகையைத் தள்ளிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விடலாம். திறந்து காட்டினால் பெட்டி காலி.

பெட்டி பார்க்க அழுக்காக இருந்தது. விடுவாரா? தொழில்காரர் ஆயிற்றே. உள்ளும் புறமும் மெல்லிய பஞ்சு வைத்து, சிவப்பு வெல்வெட் இழுத்து ஒட்டி, ஓரங்களில் சின்னச் சின்ன முள் ஆணிகள் அடித்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். உச்சியில் காற்றுக்காக இருந்த துளைகளும் அந்த வெல்வெட்டுக்குள் போய்விட்டன. துணியின் கனத்தால் பின்பலகையும் இறுகிவிட்டது. உதவிக்கு வந்து பெட்டிக்குள் போய் வருவது எப்போதும் அவர் மனைவி. முழங்காலால் அடிப்பக்கம் ஓர் இடி கொடுத்தால்தான் பலகை நகரும் என்று அவளுக்குப் பழகியிருந்தது. அவள் அதை அவரிடம் ஒரு தடவை சொல்லவும் செய்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலைதான் நடக்கிறதே.

விழா மருத்துவமனையின் மேல்மாடியில், ஊழியர்கள் சாப்பிடும் கூடத்தில் நடந்தது. காலை ஷிப்ட் முடிந்தவர்களும் மதிய ஷிப்ட் தொடங்குகிறவர்களும் வருவதற்கு வசதியாகப் பிற்பகலில் வைத்திருந்தார்கள். மேஜைகளை எல்லாம் சுவரோரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தது. டாக்டர்கள் பேசினார்கள். நர்ஸ்கள் பேச வந்து பாதியில் அழுதுவிட்டு இறங்கினார்கள். பெரிய சிஸ்டர் முன்வரிசையில் மகன், மகள், மருமகள் மூவரோடும் உட்கார்ந்திருந்தார். மருமகள் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவள். அதிகம் பேசமாட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்தே அத்தைக்கும் அவளுக்கும் நடுவில் சண்டையும் கிடையாது, ஒட்டுதலும் கிடையாது. பார்த்தால் விசாரித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

மாயமன்னர் மேடைக்கு வந்தார். கறுப்புக் கோட்டு அக்குளில் பிடித்தது. கயிறு வித்தை ஒருவாறு தேறியது. சீட்டு வித்தையில் சட்டைக் கைக்குள்ளிருந்து ஒரு சீட்டு நழுவிக் கீழே விழுந்தது. கம்பிலிருந்து விரிய வேண்டிய காகிதப் பூங்கொத்து பாதி விரிந்து நின்றுகொண்டது. கூடம் நல்ல மனதோடு சிரித்தது. பெரிய சிஸ்டர் அதற்கும் கை தட்டினார். மகள் மட்டும் அண்ணனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கடைசியாகப் பெட்டி வந்தது. ஒல்லியான ஒரு நர்ஸைக் கூப்பிடலாம் என்றுதான் மாயமன்னர் நினைத்திருந்தார். அதற்குள் இளம் நர்ஸ்கள் எல்லோரும் சேர்ந்து பெரிய சிஸ்டர் பெயரைச் சொல்லிக் கூச்சல் போட ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்கும் ஆசை இல்லாமல் இல்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு மேடை ஏறினார். பெட்டிக்குள் அவர் சரியாகப் பொருந்தி நின்றதும் மாயமன்னர் காதோடு சொன்னார்: "மேடம், நான் ரெண்டு தட்டு தட்டுவேன். பின்பக்கம் தள்ளுங்க. திறந்துக்கும்."

கதவு சாத்தியது. பூட்டு விழும் சத்தம் கேட்டது. இசை தொடங்கியது.

இரண்டு தட்டு வந்தது. பெரிய சிஸ்டர் முதுகால் தள்ளினார். பலகை அசையவில்லை. தோளால் தள்ளினார். திரும்பிப் பார்க்க இடமில்லை. மறுபடி இரண்டு தட்டு. வெளியே மாயமன்னர் பேச்சை வளர்த்துக்கொண்டிருந்தார்: இந்த வித்தைக்கு நேரம் பிடிக்கும், சிஸ்டர் காற்றோடு கரைந்துகொண்டிருக்கிறார், எல்லோரும் பலமாகக் கை தட்டுங்கள். எல்லோரும் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் அவர் உள்ளிருந்து தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. காட்சி கெட்டுப்போனால் மீதிப் பணம் வராது என்ற பயம் அந்த மனிதருக்கு. நின்று சமாளித்துப் பார்த்தார். மூன்றாவது முறை தட்டியும் பலகை திறக்காதபோதுதான் பேச்சை நிறுத்தினார். கோட்டுப் பையில் கைவிட்டுச் சாவியைத் தேடினார். சாவி மனைவியின் கைப்பையில், வீட்டில் இருந்தது. எப்போதும் பெட்டிக்குள் மறைந்து, திரைக்குப் பின்னாலிருந்து தோன்றிப் பூட்டைத் திறந்து காட்டுவதும் அவள்தான்.

பெட்டிக்குள் முதலில் பெரிய சிஸ்டருக்கு வந்தது வெட்கம்தான். வார்டு முழுவதும் பார்க்கிறது, இப்படி மாட்டிக்கொண்டோமே என்று. அப்புறம் புழுக்கம் தெரிந்தது. பசையின் நெடி மூக்கில் ஏறியது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக் கையை உயர்த்த முடியவில்லை. எத்தனை நோயாளிகளிடம் சொல்லியிருப்பார், பதறாமல் மெதுவாக மூச்சு விடுங்கள் என்று. அதையே தனக்கும் சொல்லிக்கொண்டார். முட்டியால் சீராகத் தட்டிக்கொண்டே இருந்தார்.

வெளியே முதலில் எழுந்து வந்தவள் மருமகள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, மாயமன்னரின் முகத்தைப் பார்த்து அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கிறது. மேடை ஏறிப் பெட்டியில் காதை வைத்தாள். உடனே இசையை நிறுத்தச் சொன்னாள். கறாரும் தங்கையும் பின்னாலேயே ஓடி வந்தார்கள். மாயமன்னர் பெட்டிக்குப் பின்னால் போய், பலகையின் விளிம்பில் விரலைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தார்.

கூடத்தில் பாதிப் பேர் அப்போதும் இது வித்தையின் ஒரு பகுதி என்றே நினைத்தார்கள். கூட்டத்தில் இருந்த ஆம்புலன்ஸ் டிரைவர் மட்டும் படியில் இறங்கி ஓடினார்.

கறார் பிடித்துக்கொண்டது மாயமன்னரை. சாவி இல்லாமல் எதற்கு வந்தாய், இதற்குப் பேசிய தொகையில் பாதிகூடக் கிடையாது, கொடுத்த முன்பணத்தையும் வைத்துவிட்டுப் போ என்று அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான். பயந்தால் அவனுக்கு வருவது அந்தப் பேச்சுதான். தங்கை தாங்கமாட்டாமல் வெடித்தாள்.

"இங்கயுமா பேரம்? அம்மாவுக்குன்னு வாழ்க்கையில ஒரே ஒரு நாள். அதுலயும் குறைச்சு, குறைச்சு... நான் சொன்ன ஆள வெச்சிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

"நீ பேசாத. திங்கக்கிழமைலேர்ந்து உன் பிள்ளைங்கள அம்மா தலையில கட்டப்போற. ஆயாவுக்குக் குடுத்த சம்பளம் மிச்சம். நீ கணக்கு பாக்கலியா?"

"நீ மட்டும்? அம்மா வீட்டை வாடகைக்கு விட ஞாயித்துக்கிழமை புரோக்கர வரச் சொல்லலியா? அவங்கள ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீதான மாசத்துல பாதி உங்கிட்ட, பாதி எங்கிட்டன்னு சொன்ன?"

பெட்டிக்குள் தட்டும் சத்தம் நின்றது.

மருமகள்தான் அதைக் கவனித்தாள். "போதும்" என்றாள். அவள் குரல் உயர்ந்து இருவரும் அதுவரை கேட்டதில்லை. "அத்தை உள்ள இருக்காங்க. நீங்க பேசறது எல்லாம் அவங்களுக்குக் கேக்குது."

மருமகள் முழந்தாளிட்டு, கதவின் கீழ்ச் சந்தில் வாயை வைத்துக் கூப்பிட்டாள்.

"அத்தை, ஒரு தட்டு தட்டுங்க. ஒண்ணே ஒண்ணு."

பதில் இல்லை. மகள் அழ ஆரம்பித்தாள். கறார் மாயமன்னரை விட்டுவிட்டுக் கதவைப் பிடித்து இரண்டு கையாலும் உலுக்கினான். பெட்டி ஆடியது, பூட்டு ஆடியது, வேறொன்றும் நடக்கவில்லை. கூடம் இப்போதுதான் எழுந்து நின்றது.

உள்ளே பெரிய சிஸ்டருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. கேட்டதைக் கேட்டபடி நின்றுகொண்டிருந்தார். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவருக்கு மனசில்லாமல் இல்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார். வீட்டைக் கூடக் கொடுத்திருப்பாரோ என்னவோ. ஆனால் ஒரு கட்டிலை எந்த வார்டில் போடுவது என்று பேசுவது போலத் தன்னைப் பற்றிப் பேசி முடித்திருக்கிறார்கள் என்பது அந்த இருட்டில் நன்றாக விளங்கியது. தட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. அப்புறம் மருமகளின் குரல் மறுபடி வந்தது. இந்த முறை அது நடுங்கியது. பாவம், அவள் என்ன செய்தாள் என்று நினைத்துக்கொண்டு, முட்டியால் ஒரு தட்டு தட்டினார்.

ஆம்புலன்ஸ் டிரைவர் டயர் கழற்றும் லீவரோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பூட்டின் கொண்டிக்குள் அதைக் கொடுத்து நெம்பினார். கொண்டி பிய்த்துக்கொண்டு வந்தது. கதவு திறந்ததும் பெரிய சிஸ்டர் குளித்துவிட்டு வந்தவர் போல நனைந்து வெளியே சாய்ந்தார். மருமகள் தோளில் தாங்கிக்கொண்டாள். பின்வரிசையில் ஒருவர் கை தட்டத் தொடங்கி, சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

யார் யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். நாடி பார்த்தார்கள். மகள் காலடியில் உட்கார்ந்து விசிறினாள். பெரிய சிஸ்டர் தண்ணீரைக் குடித்து முடித்து நிமிர்ந்தபோது, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த மாயமன்னரின் கை கண்ணில் பட்டது. முள்ளை நகத்தால் பிடுங்கியதில் விரல்களெல்லாம் கிழிந்து ரத்தம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவரை உட்காரச் சொன்னார். முதலுதவிப் பெட்டி வந்தது. பெரிய சிஸ்டர் தானே கழுவி, மருந்து வைத்துக் கட்டினார். கட்டும்போது, முள் துருப்பிடித்ததா என்று மட்டும் கேட்டார். புது முள்தான் மேடம் என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் அழுதார்.

ஏற்புரை என்று ஒன்று மிச்சமிருந்தது. வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று மகன் சொன்னான். அவர் மைக்கின் முன்னால் போய் நின்றார். தன்னோடு வேலை பார்த்தவர்களுக்கு நன்றி சொன்னார். ஆம்புலன்ஸ் டிரைவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கும்பிட்டார். மருமகளுக்கும் நன்றி சொன்னார். மகனையும் மகளையும் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து முகம் கழுவி உட்கார்ந்த பிறகு, மகள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். பெரிய சிஸ்டர் கையமர்த்தினார்.

"நான் இந்த வீட்லதான் இருக்கப்போறேன். யார் வீட்லயும் பாதி மாசம் கிடையாது. பிள்ளைங்கள வாரத்துல ரெண்டு நாள் கூட்டிட்டு வா, நான் பாத்துக்கறேன். மீதி நாளுக்கு ஆயாவ நிறுத்தாத." பிறகு மகனைப் பார்த்தார். "புரோக்கர்கிட்ட நீயே சொல்லிடு. இல்லன்னா ஞாயித்துக்கிழமை நான் சொல்லிக்கறேன்."

"உங்க நல்லதுக்குத்தாம்மா..."

"எனக்கு எது நல்லதுன்னு எங்கிட்ட கேட்டிருக்கலாம்டா."

புரோக்கருக்குச் சொல்லக் கறாருக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் வந்து அழைப்பு மணியை அடித்தார். பெரிய சிஸ்டர் அவரை உட்கார வைத்து, குடிக்கக் கொடுத்து, வீடு வாடகைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினார். அவர் போகும்போது சமையலறைக் குழாயில் ஒழுகும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, நல்ல பிளம்பர் ஒருவரின் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வாரத்திலேயே கறார் மாயமன்னர் மேல் போலீசில் புகார் கொடுக்கப் போவதாகச் சொன்னான். அம்மா, புகார் பிறகு இருக்கட்டும், அந்த ஆள் கடை எங்கே என்று கேட்டார். அவருக்கு வேறொரு கவலை. மருமகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் தேடிக்கொண்டு போனார்.

மாயமன்னர் கட்டுப் போட்ட கையோடு ஒரு நாற்காலிக்கு அடிப்பட்டை இழுத்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். பெட்டி கடையின் மூலையில், கொண்டி பிய்ந்த கதவோடு நின்றது. பெரிய சிஸ்டர் சுற்றி வளைக்கவில்லை.

"அடுத்த விழா எப்போ?"

மாயமன்னரின் மனைவிதான் உள்ளேயிருந்து வந்து பதில் சொன்னாள். வரும் வாரம் ஒரு குழந்தையின் பிறந்தநாள். பெட்டி வித்தையும் கேட்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளையை உள்ளே விட்டு மறைய வைப்பதாகப் பேச்சு.

"நான் பெரியவ. மூச்சை அடக்கி நின்னேன். ஒரு குழந்தை உள்ள போய்க் கத்தினா, வெளிய பாட்டு ஓடிட்டிருந்தா, யாருக்குக் கேக்கும்?"

மாயமன்னர் தலையை நிமிர்த்தவில்லை. அந்தப் பெட்டியில் மொத்தமாகத் தன் சேமிப்பைப் போட்டிருப்பதாகத் தொடங்கினார். மனைவி குறுக்கே வந்து, நான் அப்பவே சொன்னேன் என்றாள், அவரிடம் அல்ல, பெரிய சிஸ்டரிடம். பிறகு அவளே ஆணி பிடுங்கும் குறடை எடுத்து வந்து கணவன் கையில் கொடுத்தாள். அவர் கொஞ்ச நேரம் அதை வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் உச்சிப் பலகையிலிருந்து தொடங்கி வெல்வெட்டைப் பிரிக்க ஆரம்பித்தார். பிரிக்கப் பிரிக்கத் துளைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மருமகள் பெஞ்சில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பலகையையும் முழுதாகப் பிரித்துத் தனியே கழற்றி வைத்த பிறகுதான் இருவரும் கிளம்பினார்கள். பெட்டியே இல்லாமல் கயிறும் சீட்டும் மட்டும் காட்டுவேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் குழந்தையின் வீட்டாரோடு பெரிய சிஸ்டர் தொலைபேசியில் பேசியும் உறுதி செய்துகொண்டார்.

கறார் நாலைந்து மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அம்மா தன்னை எல்லோர் முன்னாலும் விட்டுக்கொடுத்துவிட்டார் என்பது அவன் கட்சி. புகார் மட்டும் கொடுக்கவில்லை. கொடுத்தால், உதவிக்கு ஆள் வேண்டாம் என்று தான் சொன்னதும் வெளியே வரும் என்று மனைவி ஒரே ஒரு முறை நினைவுபடுத்தினாள். மகள் சீக்கிரம் சமாதானமாகிவிட்டாள். இரண்டு நாளை மூன்று நாளாக்கப் பார்த்தாள், நடக்கவில்லை.

மருமகள் சனிக்கிழமைகளில் அத்தை வீட்டுக்குத் தனியாக வரப் பழகிக்கொண்டாள். அச்சகத்திலிருந்து திருத்த வேண்டிய தாள்களையும் கொண்டு வருவாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. அவள் தாளைப் புரட்டுவாள், இவர் துணி மடிப்பார். சில நாள் பெரிய சிஸ்டர், மின்தூக்கியில் கூட்டமாக இருந்தால் இப்போதெல்லாம் படியில் ஏறிவிடுவதாகச் சொல்வார். மருமகள் சரி அத்தை என்று சொல்லிவிட்டு, எழுந்து ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து வைப்பாள்.